பொட்டோசியில் ஒரு பற்று வரவு

ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்குகிறது. வயசாகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். ஊர் அப்படி! பொலிவியாவில் ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் பொட்டோசி நகரம் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

மச்சினர் லிமாவில் வேலையாக இருக்கிறார். அவர் வற்புறுத்திக் கூப்பிட்டதால் தங்கமணி, கல்லூரி போகும் மகள், நான் என்று மூவரும் கிளம்பினோம். (எல்.எஃப்.சி.யில் பொலிவியா எல்லாம் கிடையாது மக்களே, சொந்தக் காசு!)

ஸ்பானியர்கள் கட்டிய ஊர். குறுகலான தெருக்கள், மர பால்கனிகள், தடுக்கி விழுந்தால் ஒரு தேவாலயம். சான் லொரென்சோ தேவாலய வாசலில் கடற்கன்னிகள் கித்தார் வாசிப்பதுபோல் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கடலே இல்லாத ஊரில்!

வங்கிக்காரனான எனக்குக் கோயில் மாதிரி இருந்தது பழைய நாணயச் சாலைதான். 1773-ல் கட்டி முடித்த கட்டடம், இப்போது மியூசியம். கோவேறு கழுதைகளைச் சுற்றவிட்டு, மரப் பல்சக்கரங்களை ஓட்டி, வெள்ளியைத் தகடாக்கியிருக்கிறார்கள். அப்படி அடித்த காசு உலகம் முழுக்கச் செல்லுபடியானது. இந்தியாவில் துணியும் மிளகும் வாங்க ஐரோப்பியக் கம்பெனிகள் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பகுதி ஸ்பானிய அமெரிக்காவில் தோண்டியதுதான்.

இதெல்லாம் வரவுப் பக்கம். பி.காம். படித்தவனுக்குப் பற்றுப் பக்கத்தையும் பார்க்காமல் தூக்கம் வராதே. அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிறது. செர்ரோ ரிக்கோ, அதாவது 'பணக்கார மலை'. 1545-ல் இங்கே வெள்ளி கிடைத்தது. 1570-களில் வைஸ்ராய் தொலேதோ 'மித்தா' என்ற கட்டாய வேலை முறையைக் கொண்டுவந்தார். சுற்றுவட்டார மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்து வரவேண்டும். வருஷத்துக்குச் சுமார் 13,000 பேர். உள்ளே தூசி, வெளியே வெள்ளியைப் பிரிக்கும் பாதரசம். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு மட்டும் சரியான பேரேடு இல்லை.

மலையில் இன்றைக்கும் வேலை நடக்கிறது. 1985-ல் தகரத்தின் விலை விழுந்தபின் அரசுச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து மிச்சத்தைத் தோண்டுகிறார்கள். குடைந்து குடைந்து மலை உச்சியே உள்வாங்குகிறது. 2014-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சுரங்கத்துக்குள் சுற்றுலா போகலாம் என்பதுதான் பிரச்னை. தொழிலாளர் கடைவீதியில் கோகா இலை, சோடா, டைனமைட்கூட வாங்கி அவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாமாம்.

நான் வரமாட்டேன் என்றேன். என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் "உள்ள எப்படி இருக்கும், என்னைக் கூட்டிட்டுப் போ தாத்தா" என்று நச்சரித்தால், "வேலை செய்யுற இடத்துல என்னடா வேடிக்கை?" என்பார். அடுத்தவன் உயிரைப் பணயம் வைக்கும் இடத்துக்கு டிக்கெட் எடுத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மகள் விடவில்லை. "கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த சுரங்கத்தை 2001-லயே மூடிட்டாங்க. நான் எங்கப்பா போய்ப் பார்க்கிறது? நீங்க அந்தக் காசை மட்டும் மூணு மணி நேரம் ரசிச்சீங்களே!"

பதில் சொல்லத் தெரியவில்லை. வழிகாட்டி முன்னாள் சுரங்கத் தொழிலாளி. "நீங்கள் வருவதால்தான் நான் மறுபடி சம்மட்டி தூக்காமல் இருக்கிறேன்" என்று சிரித்தார்.

அவள் போனாள். நானும் தங்கமணியும் வெளியே காத்திருந்தோம். ரெண்டு மணி நேரம் ரெண்டு நாளாக நகர்ந்தது. சேறும் தூசியுமாகத் திரும்பி வந்தவளிடம் போட்டோ எடுத்தாயா என்று கேட்டேன். "எடுக்கத் தோணலப்பா. என் தம்பி வயசு இருக்கும் ஒரு பையனுக்கு. சோடா குடுத்தேன், வாங்கிட்டு வேலையப் பாக்கப் போயிட்டான்." அப்புறம் ஹோட்டல் வரும்வரை பேசவில்லை.

இப்போது என் கருத்து இதுதான். தாத்தா சொன்னது சரி, வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. வெடி வைப்பதைப் பார்க்கவும் செல்ஃபி எடுக்கவும் போகிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். ஆனால் பால்கனியையும் காசையும் மட்டும் ரசித்துவிட்டு ஊர் திரும்புவதும் சரியில்லை, பாதிக் கணக்கை எழுதி மூடுகிற மாதிரி. உள்ளே போகத் தைரியமோ மனசோ இல்லாதவர்கள் என்னைப்போல் வாசலிலாவது நின்று, வேலை முடிந்து வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள்.

பெங்களூர் திரும்பியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை மகளைத் தங்கவயலுக்குக் கூட்டிப்போனேன். இத்தனை வருஷமாக ரயிலில் ரெண்டு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யவில்லை பாருங்கள்!

டிஸ்கி: மூச்சுத் திணறலுக்கு அங்கே கோகா டீ கொடுப்பார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆசைப்பட்டு இலையைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்துவிடாதீர்கள், நம் நாட்டில் சட்டவிரோதம்.