பனிக்கடலில் மூன்று லட்சம் வாத்துகள்

அலாஸ்காவின் மேற்குக் கரையில் யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு பெரிய ஆறுகள் குட்டையும் சதுப்புமாகப் பரந்து கடலில் சேர்கின்றன. ஜூன் மாதம் அந்தச் சதுப்பில் பெட்டை முட்டைமேல் உட்கார்ந்ததும் ஆண் வாத்து புறப்பட்டுவிடும். கண்ணாடி ஐடர் என்பது அந்தக் கடல் வாத்தின் பெயர். ஆணின் பின்னந்தலை இளம்பச்சை, முதுகு வெள்ளை, மார்பு கறுப்பு. கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம், அதற்கு மெல்லிய கறுப்பு விளிம்பு. குஞ்சுகள் தேறிய பிறகு பெட்டைகளும் கடலுக்குப் போய்விடும். அடுத்த வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்குத் திரும்பி வரும்.

இடைப்பட்ட மாதங்களில் அவை எங்கே இருந்தன? 1847இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தாயிற்று. இருந்தும் 1990களின் நடுப்பகுதி வரை இந்தக் கேள்விக்குப் பறவையியலாளர்களிடம் பதில் இல்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பறவை, லட்சக்கணக்கில் இருக்கிறது, ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கிறது. அந்த இடம் மட்டும் தெரியவில்லை.

தெரியாமல் இருந்தால் என்ன என்று விட்டுவிடும் நிலைமையும் இல்லை. 1970களில் அந்த இரண்டு ஆறுகளின் கழிமுகத்தில் ஏறக்குறைய 48,000 இணைகள் கூடு கட்டின என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1990களின் தொடக்கத்தில் அதில் 96 விழுக்காடு குறைந்துபோயிருந்தது. 1993இல் அமெரிக்க அரசு இதை அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்பில் சேர்த்தது. காரணங்களில் ஒன்று குட்டைகளின் அடியிலேயே கிடந்தது. வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சிதறிய ஈயக் குண்டுகள் சேற்றில் புதைந்து கிடக்க, இரையோடும் இரைப்பைக்கான சிறு கற்களோடும் வாத்துகள் அவற்றையும் விழுங்கின. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991இல் நாடு முழுவதும் தடை வந்தது. ஆனால் அதற்கு முன் விழுந்த ஈயம் அங்கேயேதான் இருந்தது. கரையில் நடப்பதை இப்படி ஓரளவு கண்டுபிடிக்க முடிந்தது. கடலில் ஏதாவது நடந்து சாகின்றனவா என்று பார்க்க, முதலில் கடலில் எங்கே என்று தெரிய வேண்டும்.

பறவையின் காலில் வளையம் மாட்டிவிடும் பழைய முறை இங்கே உதவாது. வளையம் மாட்டிய பறவையை யாராவது மறுபடி பிடித்தால்தானே தகவல்? நடுக்கடல் பனியில் பிடிப்பதற்கு ஆள் ஏது? அதனால் 1990களில் அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவையினரும் அரசு ஆய்வாளர்களும் செயற்கைக்கோளை நாடினார்கள்.

ஆர்கோஸ் என்ற அமைப்பு 1978 முதல் இயங்குகிறது. பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் அமெரிக்காவின் நாசா, நோவா அமைப்புகளும் சேர்ந்து தொடங்கியது. பறவையின் உடலில் உள்ள டிரான்ஸ்மிட்டர் நொடிக்கணக்கில் இடைவெளி விட்டு ஒரு சிறு ரேடியோத் துடிப்பை அனுப்பும். சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள் அதைப் பிடிக்கும். நிலையத்தை நெருங்கும் ரயிலின் ஊதல் கீச்சென்று உயர்ந்து, கடந்து போனதும் தணிகிறதல்லவா, அதேபோலச் செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அந்தத் துடிப்பின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்தை வைத்தே பறவை இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை பிழை வரும். பரந்த கடலுக்கு அதுவே போதும். செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் துருவத்தைக் கடப்பதால் வட கோடியில் வாழும் பறவைகளுக்கு இந்த முறை கூடுதலாகவே பொருந்துகிறது. பேட்டரியைச் சேமிக்க, சில மணி நேரம் துடிப்பை அனுப்பிவிட்டு அடுத்த சில நாள் அணைந்திருக்கும்படி கருவியை அமைப்பார்கள்.

கருவியை எங்கே பொருத்துவது என்பதுதான் கடினமான பகுதி. கடல் வாத்து ஆழத்தில் மூழ்கி இரை தேடும் பறவை. முதுகில் பட்டை கட்டி ஏற்றினால் நீந்துவதற்கு இடைஞ்சல். இறகின் நீர்புகாத் தன்மையும் கெடும். குளிர் கடலில் உடம்பு நனைந்தால் பறவை பிழைக்காது. அதனால் கருவியை வயிற்றுக்குள்ளேயே வைக்கிறார்கள்.

சதுப்பில் போட்ட கூடாரம்தான் அறுவை அரங்கு. வலையில் பிடித்த பறவையின் அலகில் முகமூடி வைத்து மயக்க வாயு கொடுப்பார்கள். கால்நடை மருத்துவர் அடிவயிற்றில் நடுக்கோட்டு இறகைக் கொஞ்சம் விலக்கி, சிறிதாகக் கீறி, 35 முதல் 50 கிராம் எடையுள்ள டிரான்ஸ்மிட்டரை உள்ளே வைப்பார். மெல்லிய ஆண்டெனா கம்பி மட்டும் வாலுக்குச் சற்று முன்னால், முதுகுப் பக்கமாக வெளியே நீண்டிருக்கும். தையல் போட்டு, பறவை தெளிந்து தலை தூக்கும்வரை வைத்திருந்து தண்ணீரில் விடுவார்கள். எல்லாப் பறவையும் பிழைத்துவிடுவதில்லை. ஒரு கட்டத்தில், அறுவைக்குக் கொடுத்த மருந்துகளின் கூட்டே ஆண் ஐடர்களைக் கொன்றிருக்கிறது என்பது தெரியவந்தது. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வரைபடத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியின் பின்னாலும் இந்த ஆபத்தைச் சந்தித்த ஒரு பறவை இருக்கிறது. கிடைத்த தகவலைக் கோப்பில் போட்டு மூடிவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

முதலில் தெரியவந்தது இறகு உதிர்க்கும் இடங்கள். கோடை முடிவில் இந்த வாத்துகள் சிறகின் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் மிதக்கும். அலாஸ்காவின் லெட்யார்ட் விரிகுடா, நார்ட்டன் சவுண்டின் கிழக்குப் பகுதி, ரஷ்யக் கரையில் மெச்சிக்மென் விரிகுடா, இன்டிகிர்கா, கோலிமா ஆற்று முகங்களுக்கு இடைப்பட்ட கடல் என்று நான்கு இடங்கள் வரைபடத்தில் துலங்கின. குளிர்கால இடம் மட்டும் பிடிபடவில்லை. பேட்டரி அதற்குள் தீர்ந்துபோகும்.

1995இல், குளிர்காலம் முடியும் தறுவாயில், பெரிங் கடலின் நடுவிலிருந்து ஒரு சிக்னல் வந்தது. செயின்ட் லாரன்ஸ் தீவுக்கும் செயின்ட் மாத்யூ தீவுக்கும் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் உறைந்து கிடக்கும் கடல் அது. பில் லார்னட், கிரெக் பலோ என்ற இரண்டு வனவிலங்குச் சேவை உயிரியலாளர்கள் சிறு விமானத்தில் அந்த இடத்தைத் தேடிப் போனார்கள். பனிப்பாளத்தில் ஆங்காங்கே திறந்திருந்த நீர்ப்பொத்தல்களில், தண்ணீரே தெரியாத அளவுக்கு ஐடர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பின்னர் வந்த கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது. உலகத்தில் உள்ள கண்ணாடி ஐடர்கள் அனேகமாக மொத்தமும், அலாஸ்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்து, அந்த ஒரே இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மார்கரெட் பீட்டர்சன், லார்னட், டேவிட் டக்ளஸ் மூவரும் 1999இல் இந்தப் பயணத்தின் முழு வரைபடத்தை வெளியிட்டார்கள்.

அந்த இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்றால், மட்டிகள். 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் கடலடிச் சேற்றில் கிடக்கும் சிறு மட்டிகளை ஐடர் மூழ்கி எடுத்து ஓட்டோடு விழுங்கும். வெளிச்சம் குறைந்த நாட்களில், உறைபனியின் கீழ், அத்தனை ஆழம் போய் வர எவ்வளவு சக்தி செலவாகும்! வயிறு நிறைந்ததும் பனிப்பாளத்தின்மேல் ஏறி உட்கார்ந்து ஓய்வெடுத்தால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். அதாவது அவற்றுக்கு மட்டியும் வேண்டும், பனியும் வேண்டும். 2018இல் பெரிங் கடலின் குளிர்காலப் பனி, செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை இல்லாத அளவுக்குச் சுருங்கியது.

மற்றக் கடல் வாத்துகளையும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்திருக்கிறது. பசிபிக் கரையில் சர்ஃப் ஸ்கோட்டர் என்ற கறுப்பு வாத்து வசந்தத்தில் வடக்கே போகும் வழியில், ஹெர்ரிங் மீன் முட்டையிடும் கரைகளில் இறங்கி, கொழுப்பு நிறைந்த அந்த முட்டைகளைத் தின்று தேறிக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறது. ஹெர்ரிங்கை அளவுக்கு மீறிப் பிடித்தால் யாருடைய வழிச்சோறு பறிபோகும் என்பது இப்போது தெரிகிறது.

கண்ணாடி ஐடர் விஷயத்தில் தகவல் வீணாகவில்லை. 2001இல் அமெரிக்க அரசு கழிமுகத்தையும், நார்ட்டன் சவுண்டு, லெட்யார்ட் விரிகுடா, பெரிங் கடலின் குளிர்கால இடம் ஆகியவற்றையும் முக்கிய வாழிடமாக அறிவித்தது. கழிமுகத்தில் எண்ணிக்கை மெல்ல ஏறியிருக்கிறது. ஆனால் பனி குறையக் குறைய அந்தக் கடலில் கப்பல் கூடுகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2018இல் பெரிங் கடலுக்கும் நீரிணைக்கும் கப்பல் பாதைகளை வகுத்தபோது, செயின்ட் லாரன்ஸ் தீவைச் சுற்றியுள்ள கடலைத் தவிர்க்க வேண்டிய பகுதியாகச் சேர்த்தது. நல்ல முடிவு, ஆனால் அது பரிந்துரை மட்டுமே. ஓர் இனம் முழுவதும் ஒரே இடத்தில் கூடியிருக்கும்போது எண்ணெய்க் கப்பல் ஒன்று உடைந்தால் பரிந்துரையால் பயன் இல்லை. ஐடர்கள் அங்கே இருக்கும் மாதங்களுக்காவது அந்தக் கடலுக்குக் கட்டாய விதி வேண்டும். அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து கேட்டால் அது எளிதாகும்.