அப்பாவே வாத்தியாராக வந்தால்...

2014 ஜூன் 27 அன்று டிஸ்னி சேனலில் 'கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்' தொடங்கியபோது அதைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் மட்டுமில்லை. முப்பதைத் தொட்டவர்களும், தாண்டியவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் 1993 முதல் 2000 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்த 'பாய் மீட்ஸ் வேர்ல்ட்' தொடரோடு சேர்ந்து வளர்ந்தவர்கள் அவர்கள். பதினொரு வயதுப் பையனாக அறிமுகமாகி, ஏழு சீசன் முடிவதற்குள் கல்யாணமும் செய்துகொண்ட கோரி மாத்யூஸ் இப்போது எப்படி இருக்கிறான்? டொபாங்காவோடு சண்டை போடாமல் குடும்பம் நடத்துகிறானா? இதுதான் அவர்களுடைய கவலை.

கவலைப்பட்டது வீண். கோரியும் டொபாங்காவும் நியூயார்க்கில் சௌக்கியமாக இருந்தார்கள். டொபாங்கா வக்கீல். கோரி பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். மூத்தவள் ரைலி ஏழாம் வகுப்பு, கடைக்குட்டி ஆகி. ரைலியின் உயிர்த்தோழி மாயா. கூடவே ஃபார்க்கிள் என்ற அதிமேதாவியும், டெக்சாஸிலிருந்து வந்து சேர்ந்த லூகாஸும். அதே நடிகர்கள் (பென் சாவேஜ், டானியெல் ஃபிஷெல்), அதே மைக்கேல் ஜேக்கப்ஸ். குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது. ரைலியின் வகுப்புக்குச் சரித்திரம் நடத்துபவரே அவளுடைய அப்பாதான்.

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் பழைய தொடர் எதன்மேல் நின்றது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதன் தூண், வில்லியம் டேனியல்ஸ் நடித்த ஃபீனி வாத்தியார். பகலில் கோரியின் வகுப்பில் நிற்பார், சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நிற்பார். நடுவில் ஒரு வேலி. வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் அந்த வேலியோரம் நின்றுதான் கோரி சொல்வான். சில சமயம் சொல்லவே மாட்டான், சும்மா நிற்பான். ஃபீனிக்குப் புரிந்துவிடும். கோரியின் அப்பா ஆலன் ஒன்றும் மோசமானவர் இல்லை. அமெரிக்கக் காமெடித் தொடர்களில் வரும் அசட்டு அப்பாக்களோடு ஒப்பிட்டால் தங்கம். இருந்தாலும் அவருக்குத் தெரியாத ஒரு கோரியை ஃபீனிக்குத் தெரிந்திருந்தது. தன்னைப் பெறாத பெரியவர் ஒருவர் தன்னை மதிக்கிறார் என்பது பன்னிரண்டு வயதில் எவ்வளவு பெரிய விஷயம்! பெற்றவர்கள் மதிப்பதைப் பிள்ளைகள் கணக்கில் சேர்ப்பதே இல்லை (சேர்க்க வேண்டும்தான், ஆனால் சேர்ப்பதில்லை).

இரண்டாம் தொடரில் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். காலையில் வீட்டில் பார்த்த அதே முகம், ஒன்பது மணிக்குக் கரும்பலகை முன்னால். ரைலிக்கு மனசில் என்ன குழப்பமோ, அன்றைக்குச் சரித்திரப் பாடமும் சரியாக அதைப் பற்றியே இருக்கும். கிரேக்கமோ ரோமோ, எல்லாம் சுற்றி வளைத்து அந்தப் பெண்ணின் பிரச்சினையில்தான் வந்து இறங்கும். 'பெல்ஜியம் 1831' பாடத்தை மட்டும் கோரியால் நடத்தி முடிக்கவே முடியாது என்பது தொடர் முழுக்க வரும் நகைச்சுவை. பாவம், பெல்ஜியத்துக்கு ரைலியோடு சம்பந்தமில்லை போலிருக்கிறது.

சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்பது முதல்முதலாக வீட்டுக்கு மறைத்து ஒரு விஷயத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் வயசு. திருட்டு விஷயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் அவமானம், ஒரு பயம், ஒரு பிரியம். ரைலிக்கு அதை வைத்துக்கொள்ள இடமே இல்லை. பள்ளியில் அப்பா. அவளும் மாயாவும் ரகசியம் பேசும் ஜன்னல் திண்டிலும் அப்பாவோ அம்மாவோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி போனால் அங்கேயும் அப்பா மாற்றலாகி வந்துவிடுகிறார்! ஃபீனியும் இப்படித்தான் ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை பின்னாலேயே வந்தார் என்று ரசிகர்கள் வாதாடலாம். வந்தார்தான். ஆனால் ராத்திரி அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

2015இல் வந்த 'ரைலிடவுன்' எபிசோட் இதற்கு நல்ல சாட்சி. செல்போனில் வரும் குறுஞ்செய்திகளால் ரைலி துன்புறுத்தப்படுகிறாள். முதலில் யாரிடமும் சொல்லாமல் தானே விழுங்குகிறாள். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் பெண் சிரிப்பை ஒரு வேலையாகச் செய்ய வேண்டி வருவதை ரோவன் பிளான்சர்ட் எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார்! அவளுக்குத் துணை நிற்பவர்கள் அவள் வயதுத் தோழர்கள். அதே வருடம், தனக்கு ஆஸ்பெர்கர் குறைபாடு இருக்குமோ என்று ஃபார்க்கிளுக்குச் சோதனை செய்யும் எபிசோடும் வந்தது. அவனுக்கு இல்லை, அவனோடு போட்டி போடும் ஸ்மாக்கிளுக்குத்தான் இருக்கிறது என்று கதை திரும்புகிற இடமும் அப்படித்தான். வகுப்பில் பாடம் எடுத்துப் புரியவைத்ததைவிட, பிள்ளைகள் தடுமாறித் தாங்களே புரிந்துகொண்ட நேரங்களில்தான் இந்தத் தொடர் எழுந்து நின்றது.

இன்னொரு இடம் மாயா. சப்ரினா கார்பென்டர் நடித்தார். (2024இல் 'எஸ்பிரெஸோ' பாட்டால் உலகமே அறிந்த அதே சப்ரினா.) அப்பா விட்டுப் போய்விட்ட பெண், அம்மா உணவு விடுதியில் பரிமாறுகிறவர். மன்னிக்க வேண்டிய ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள் என்று கோரி வகுப்பில் சொல்ல, மாயா அப்பாவுக்கு எழுதுகிறாள். அந்த அப்பாவும் வந்து நிற்கிறார். வந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. கோரி உண்மையிலேயே வாத்தியாராக இருப்பது மாயாவுக்குத்தான். காரணம் எளிது, அவர் அவளைப் பெறவில்லை. அதேபோல் கோரியின் பழைய நண்பன் ஷான். சொந்த அப்பா காணாமல் போவதும் வருவதுமாக வளர்ந்து, சில காலம் டர்னர் வாத்தியார் வீட்டில் தங்கிய பையன். அவன் வந்து மாயாவின் முன் உட்கார்ந்ததும் இருபது வருட இடைவெளி ஒட்டிக்கொள்கிறது. அவன் கடைசியில் மாயாவின் அம்மாவையே கட்டிக்கொள்வது கொஞ்சம் வசதியான முடிச்சு. போகட்டும், ரசிகர்கள் ஆசைப்பட்டார்கள்.

ஆசைப்பட்டதை எல்லாம் கொடுத்தார்கள், அதுவும் உண்மை. முதல் சீசனோடு காணாமல் போன மிங்கஸ், ஃபார்க்கிளின் அப்பாவாக வந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தோடு தொடரைவிட்டே மறைந்த டர்னர், கல்வி அதிகாரியாக வந்தார். பள்ளிக்கூட ரவுடி ஹார்லி, ரைலியின் பள்ளியில் துப்புரவு வேலையில் இருந்தார். கோரியின் தங்கை மோர்கனாக நடித்த இருவரும் கடைசி எபிசோடில் ஒன்றாகவே வந்து நின்றார்கள்! லூகாஸுக்கு ரைலியா மாயாவா என்று ஜவ்வாக இழுத்த அத்தியாயங்களுக்கு இது எவ்வளவோ தேவலை.

பழியை எழுதியவர்கள்மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. பழைய தொடரை மறுஒளிபரப்பு செய்தபோது டிஸ்னி சேனல் அதில் மூன்று எபிசோடுகளைத் தவிர்த்தது. ஒன்றில் குடி, மற்ற இரண்டில் உடலுறவு பற்றிய பேச்சு. சொந்த நிறுவனத்தின் பழைய கதையையே முழுசாகக் காட்டக் கூசிய அதே சேனலில்தான் அடுத்த தலைமுறை வளர வேண்டியிருந்தது. கோரியின் தலைமுறை பார்வையாளர்களோடு சேர்ந்து வளர்ந்தது. ரைலியோ ஒவ்வொரு சீசனிலும் அடுத்து வரும் சின்னப் பிள்ளைகளுக்காகக் கீழே குனிந்துகொண்டிருந்தாள். மூன்று சீசன், 72 எபிசோட். 2017 ஜனவரி 4 அன்று நிறுத்தம் அறிவிக்கப்பட்டது, 20ஆம் தேதி கடைசி எபிசோட். பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை.

அந்தக் கடைசி எபிசோடில் டொபாங்காவுக்கு லண்டனில் பெரிய வேலை வருகிறது. போகலாமா என்று குடும்பமே குழம்புகிறது. கடைசியில் போகவில்லை. நியூயார்க்கிலேயே, அதே திண்டு, அதே ஜன்னல். 2000 மே மாதம் முடிந்த பழைய தொடரில் கோரியும் டொபாங்காவும் பிலடெல்ஃபியாவை விட்டுக் கிளம்புகிறார்கள். ஃபீனியிடம் விடைபெற வகுப்பறைக்கு வருகிறார்கள். முகத்துக்கு நேரே அன்பைச் சொல்ல அந்த மனுஷருக்கு வாய் வரவில்லை. அவர்கள் போன பிறகு, காலி பெஞ்சுகளிடம் சொல்கிறார். கோரி வாத்தியாருக்கு அப்படி ஒரு காலி வகுப்பறை கிடைக்கவே இல்லை. மணி அடித்ததும் மாணவி அவரோடுதானே வீட்டுக்கு வருகிறாள்.