கொம்பை அளக்கிறவர்கள்

"அமெரிக்காவைப் பாருங்க. காசு கட்டி சீட்டு வாங்கிட்டு மான் சுடறான், அந்தக் காசுல காடு வளருது. நாமதான் 1972லயே சட்டம் போட்டு எல்லாத்தையும் பூட்டி வச்சிட்டோம்." நன்றாகப் படித்த, நன்றாக எழுதவும் தெரிந்த நண்பர்கள் இப்போது இப்படிப் பேசுகிறார்கள். காட்டுப்பன்றி வேர்க்கடலையைத் தோண்டிப்போட்டுவிட்டது என்று விவசாயி சொன்னால் அது வேறு பேச்சு, வயிற்றுப்பாடு. இவர்கள் கேட்பது மானை. அதிலும் கொம்புள்ள மானை.

முதலில் ஒரு திருத்தம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பூட்டவில்லை. உரிமம் வாங்கி வேட்டையாட அதிலேயே வழி இருந்தது. அந்தக் கதவு அடைபட்டது 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில். ஆகவே "உரிமம் கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்பது புதுக் கேள்வி இல்லை. கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

அமெரிக்கக் கணக்கை நான் மறுக்கவில்லை. 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கியிருந்த வெள்ளைவால் மான் இன்று சுமார் மூன்று கோடி. துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியைக் காட்டுயிர்களுக்கென்று ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதில் பங்குண்டு. ஆனால் அந்த மான்கள் வாழும் பெரும்பாலான மாநிலங்களில் ஓநாயையும் பூமாவையும் முன்னமே கொன்று தீர்த்துவிட்டார்கள். காலியான வேலைக்கு மனிதன் ஆள் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அங்கே பொது நிலத்தில், யாரும் எளிதாகச் சீட்டு வாங்கக்கூடிய பொதுப் பருவ வேட்டை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வருகிறவர்களின் முதல் கேள்வி, 'இந்தப் பக்கம் மான் தரமா இருக்குமா?' தரம் என்றால் ஆரோக்கியம் இல்லை. கொம்பில் எத்தனை கிளை, எவ்வளவு அகலம், மொத்தம் எத்தனை அங்குலம். பூன் அண்ட் கிராக்கெட் என்ற மன்றம் இதற்கென்றே மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. மான் கொம்போ வருஷாவருஷம் விழுந்து முளைப்பது. வயது, தீனி, வம்சம் மூன்றும் சேர்ந்தால்தான் அது பெருக்கும். கூட்டம் நெருக்கிச் சுடும் இடத்தில் ஆண்மான் முழு வளர்ச்சிக்கு முன்பே விழுந்துவிடுகிறது. தப்பியது சாலைப் பக்கம் வராமல் இரவில் மேயப் பழகிக்கொள்கிறது. உடனே புலம்பல்: 'இங்க தரமில்ல சார், வேட்டைக்காரங்க தொல்லை ஜாஸ்தி.' பொங்கலுக்கு முந்தின நாள் ஆத்தூர் சுங்கச்சாவடியில் நிற்கிற ஒவ்வொரு காரிலும் ஒருத்தர் 'என்னய்யா இவ்ளோ கூட்டம்' என்று அலுத்துக்கொள்வாரே, அதே அலுப்பு. கூட்டம் எப்போதும் அடுத்தவன்.

இந்த அளவுகோல் விலங்கின் உடம்பையே மாற்றிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலையில் பெருங்கொம்பு ஆடுகளை முப்பது ஆண்டுகள் கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய கொம்பாகப் பார்த்துப் பார்த்துச் சுட்டதில், பிந்தைய தலைமுறைகளின் கொம்பும் உடலும் சிறுத்துப்போயிருந்தன. தரம் தேடித் தேடியே தரத்தைத் தீர்த்தார்கள்.

நம்மிடமும் இது நடந்தது. 1877இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம், 1879இல் அதற்கொரு சட்டம், உரிமம், மூடுபருவம். நல்ல ஏற்பாடுதான். யாருக்கு? அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும். வரையாடு அருகிப்போனதில் துரைமார்களின் துப்பாக்கிக்குப் பெரும்பங்கு உண்டு. பிறகு காப்பாற்றியதும் தாங்களே என்று அவர்களே வரலாறும் எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வேறொரு வரலாறு இருக்கிறது. அச்சரப்பாக்கத்திலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் வேடந்தாங்கல். பெயரிலேயே வேடன் இருக்கிறான். தாங்கல் என்றால் இந்தச் சீமையில் சிறிய ஏரி. ஒரு காலத்தில் ஜமீன்தார்கள் சுட்டுப் பழகிய இடம் என்பார்கள். பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் நேரே கலெக்டரிடம் போனார்கள். 1798இல் லயனல் பிளேஸ் கௌல் எழுதிக் கொடுத்தார்: இங்கே யாரும் சுடக்கூடாது. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்த விவசாயிகள் கொக்கின் இறக்கையை அளக்கவில்லை. எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் எப்படி விளைகிறது என்பதுதான் அவர்கள் கண்ட தரம். வேட்டையின் அழுத்தம் எவ்வளவு என்பதை ஊரே சொன்னது, சீட்டு வாங்கி வந்தவர்கள் இல்லை. இந்த ஏரியைச் சுற்றிய சரணாலய எல்லையை ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகக் குறைக்க 2020இல் வனத்துறையே முன்மொழிந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை நம்புகிறவர்களுக்கு ஃபுளோரிடா கதை ஒன்று உண்டு. அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க 2016இல் பொதுப்போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாதம் தேடிப் பிடித்தது 106 பாம்பு. அடுத்த ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். ஒரு வாரம் சொச்சத்தில் 13. தடத்தையும் எச்சத்தையும் படித்துப் போகிறவர்களுக்கு விதவிதமான கருவி எதற்கு? 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

அதே மக்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் வடநெம்மேலியில் இயங்குகிறது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் பிடிக்கலாம். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து விட்டுவிடுவார்கள், அதே பாம்பு உடனே மறுபடி மாட்டாதிருக்க. உரிமம், உச்சவரம்பு, கணக்கு எல்லாம் உண்டு. சுவரில் மாட்ட ஒரு தலைதான் கிடைக்காது. கட்டுப்பாடான வேட்டைக்கு முன்மாதிரி தேடுகிறவர்கள் ஈசிஆரில் போகும்போது ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

இனி நம் மானுக்கு வருவோம். அதன் மேலுள்ள அழுத்தம் தோட்டா அல்ல. கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும் புள்ளிமான்கள் நாய் கடித்துச் செத்தன. அறுத்துப் பார்த்தால் வயிற்றில் பிளாஸ்டிக். வெளியே நின்று பார்க்கிறவருக்கு அழகான கொம்பு. அங்குல நாடா அந்த வயிற்றுக்குள் போகுமா? புதர்க்காடு மனையாகிறது, தாங்கல் தூர்ந்துபோகிறது, நாய்கள் பெருகுகின்றன. சீட்டு விற்றால் இதில் எது நிற்கும்?

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் மரபுரிமைகளை வரிசையாக ஏற்றுக்கொண்டே வந்து, மரபான வேட்டையும் கண்ணி வைப்பதும் மட்டும் நீங்கலாக என்று எழுதுகிறது. காடு அழியும் காலத்தில் அந்த விலக்குக்கு நியாயம் சொல்ல முடியும். சரி, சொல்லுங்கள். ஆனால் வரப்பில் எலி தோண்டுகிற குடும்பம் ஒரு முயலுக்குக் கண்ணி வைத்தால் வழக்கு, பணம் கட்டியவர் கொம்பன் மானைச் சுட்டால் பாதுகாப்பு என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவரச் சொல்கிறீர்களே, அதற்கு என்ன நியாயம் வைத்திருக்கிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் அமெரிக்காவைப் பேசலாம்.