காட்சி மேசையில் தோட்டத்து வரலாறு: காவல் யார் பொறுப்பு?

தமிழ்ப்பள்ளி விழா, கோயில் மண்டபம், பேரங்காடியின் கீழ்த்தளம் என்று பழம்பொருள் கண்காட்சிகளுக்கு இன்று இடம் கிடைக்கிறது. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, தோட்டத்து டோக்கன், பால் மங்கு, உளி ஆகியவற்றைப் பார்க்கப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடுகிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயன் வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு, அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாக மிஞ்சியவற்றில் பல தனியார் வீட்டு அலமாரிகளில்தான் இருக்கின்றன. வெளியே கொண்டுவந்தால்தான் பிறர் பார்க்க முடியும். ஆனால் வெளியே வரும்போதுதான் அவை காணாமலும் போகின்றன.

கண்ணாடிப் பெட்டியும் பூட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டம் நிறைந்த நேரத்தைவிட, பொருள்களை அடுக்கும் நேரமும் எடுத்துக் கட்டும் கடைசி அரை மணியுமே ஆபத்தானவை. பெட்டிகள் திறந்திருக்கும், களைப்பு மேலிடும், உதவிக்கு வந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. மேசைக்கு ஒரே ஆள் என்றால் இன்னும் மோசம். ஒருவர் பேச்சுக் கொடுக்க, மற்றொருவர் கை நீளும். வீடு திரும்பும் வழியில் காரிலேயே பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் உண்டு.

களவு போன பொருள் திரும்புமா என்பது பூட்டைவிடக் குறிப்பைப் பொறுத்தது. தபால்தலை உலகில் இதற்குப் பெயர்போன சான்று ஒன்று உண்டு. 1918-இல் அமெரிக்காவில் விமானம் தலைகீழாக அச்சான 24 காசுத் தலைகள் நூறு மட்டுமே வெளிவந்தன. அவற்றில் எதெல் மெக்காய் வைத்திருந்த நான்கு தலைகள் கொண்ட தொகுதி, 1955-இல் நோர்ஃபோக் நகரில் நடந்த தபால்தலை மாநாட்டுக் கண்காட்சியிலேயே திருடப்பட்டது. திருடியவர்கள் அதைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு தலையும் தாளில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது தெரிந்திருந்ததால், துளை விளிம்பை ஒப்பிட்டு அடையாளம் காண முடிந்தது. மூன்றாவது தலை மீண்டது 2016-இல், 61 ஆண்டுகள் கழித்து. மெக்காய் அப்போது உயிருடன் இல்லை. அவர் முன்பே உரிமையை எழுதிக் கொடுத்திருந்த தபால்தலை நூலகத்திடம் அது போய்ச் சேர்ந்தது.

நம்மவர் சேகரிப்புகளுக்கு அந்த வசதி குறைவு. வாழைமர நோட்டுகளில் முதலில் வந்தவற்றுக்கு வரிசை எண் உண்டு. பின்னால் அச்சானவற்றில் வெறும் எழுத்துகள்தாம். டோக்கனுக்கோ எண்ணே இராது. மடிப்பு, கறை, விளிம்பில் உள்ள நெளிவு, இவைதாம் அதன் அடையாள அட்டை. இருபுறமும் நெருக்கமாகப் படம் எடுத்து, எடை, அளவு, வாங்கிய விவரம் எழுதி வைக்காதவர் காவல் நிலையத்தில் என்ன சொல்லிப் புகார் கொடுப்பார்? வீட்டுப் பொருள் காப்புறுதியை நம்புவதும் வீண். நாணயம், தபால்தலை, பதக்கம் போன்றவை தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய பொதுவாக அதில் அடங்குவதில்லை.

எல்லாச் சுமையையும் சேகரிப்பாளர் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. அழைக்கும்போது ஏற்பாட்டுக் குழுவிடம் பொன்னாடையும் சான்றிதழும் தயாராக இருக்கும். பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து மட்டும் இராது. சிறிய சங்கங்களுக்குக் காவலர் வைக்கப் பணமில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு படிகளில் பட்டியல் எழுதி இருதரப்பும் ஒப்பமிடவும், பொருளை எடுத்துக் கட்டும் நேரத்தில் மண்டபக் கதவைச் சாத்தவும், மேசைக்கு இருவரை நிறுத்தவும் எத்தனை ரிங்கிட் ஆகிவிடும்?

இதற்குக்கூட முன்வராத குழு அரிய டோக்கனைக் கேட்டு வரும்போது, "பெரிதாக அச்சிட்ட படம் தருகிறேன், அதை வையுங்கள்" என்று சேகரிப்பாளர் சொன்னால், அவரைக் கருமி என்று பேசுவதற்கில்லை.