'அரும்பு' என்று எழுதிய பிறகு

மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் அடைவு நிலையையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அந்த நிலைக்கு இன்று வழங்கும் பெயர்கள் அரும்பு, மொட்டு, மலர். இவை 2022 இல் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு வந்து, பின்னர் 4, 5 ஆம் வகுப்புகளுக்கும் நீண்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நிலைகள்; அரும்பு தொடக்க நிலை, மலர் உயர் நிலை. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டு, அதற்கு எது தெரியும் என்பதிலிருந்து தொடங்கும் முறை இது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு இதைவிட ஏற்ற தொடக்கம் வேறில்லை.

சிக்கல் அரும்பின் அகலத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் குழந்தையும் அரும்பு; பென்சில் பிடிக்கவே பழகாத குழந்தையும் அரும்பு. இரண்டாமவர் ஓராண்டில் கோடு இழுக்கவும், தன் பெயர் அட்டையை எடுத்துத் தரவும் கற்றிருக்கலாம். பதிவேட்டில் அப்போதும் அதே சொல்தான் நிற்கும். இத்தகைய நுண்ணிய முன்னேற்றத்தை அளக்கச் சென்னையிலேயே ஒரு கருவி பிறந்தது. பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டத்தில் 18 துறைகள், துறைக்கு 20 செயல்கள், ஆக 360 உண்டு. செகந்தராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் செயல்திறன் மதிப்பீட்டுப் பட்டியலோ ஒரு படி மேலே செல்கிறது: தானாகச் செய்கிறதா, சொன்னால் செய்கிறதா, கை பிடித்தால்தான் செய்கிறதா என்று உதவியின் அளவையும் குறிக்கிறது. 'கை பிடித்தால்' என்பது 'சொன்னால்' என்று மாறுவதே பெரிய அடைவு. அதைக் குறிக்காத பதிவு அந்தக் குழந்தைக்கு நியாயம் செய்வதில்லை.

ஒரே குழந்தை தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். செவித்திறன் குறைந்த குழந்தைகளிடம் இதற்கு இடம் அதிகம். மூளை முடக்குவாதமுள்ள குழந்தையை எழுத்துத் தேர்வால் மட்டும் மதிப்பிட்டால் அளக்கப்படுவது கையின் வேகம்தான், கற்றது அன்று. வாய்மொழியாகவோ படத்தைக் காட்டச் சொல்லியோ கேட்ட பிறகே நிலையைக் குறிப்பது முறை.

தருமபுரி மாவட்டத்தில் நிலையைக் குறிக்கும்போது இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் இங்கு உண்டு. தமிழ்க் கேள்வி புரியாததை அறிவுசார் குறைபாடாகக் கொள்வது பெரும் பிழை. பெற்றோருடன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைத் தலத்துக்குச் சென்று சில மாதம் பள்ளி தவறிய குழந்தையின் சரிவும் அப்படித்தான். வீட்டுமொழியும் வருகையும் தெரியாமல் நிலை என்ன சொல்கிறது என்று புரியாது.

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு. ஆகவே மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்தனுப்புவது பல வீடுகளுக்குப் போதாது. "பத்து வரை தானாக எண்ணுகிறான், கடையில் சில்லறை வாங்கப் பழக்குங்கள்" என்று சிறப்பாசிரியர் நேரில் சொல்வதே பெற்றோருக்குப் பயன்படும் அறிக்கை.

5 ஆம் வகுப்போடு அரும்பு, மொட்டு, மலர் முடிந்துவிடுகின்றன. 6 ஆம் வகுப்புக்கு வேறு பள்ளி செல்லும் குழந்தையுடன் தனிநபர் கல்வித் திட்டமும், எந்த உதவியோடு எதைச் செய்கிறது என்ற பதிவும் சேர்ந்து செல்ல வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அதைப் புதிய வகுப்பாசிரியரிடம் ஜூன் மாதத்திலேயே ஒப்படைப்பது நல்லது.