குட்டி டர்பைனும் காமர்ஸ் கணக்கும்

"நாணயம் சைஸ் சக்கரம், இதை எதுக்கு நாமே செய்யணும்? வெளிநாட்டுல வாங்கினா மலிவாச்சே!" ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரத்தின் குட்டி டர்பைனைப் பற்றி இப்படிப் பேசுபவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. 'செய்வதா, வாங்குவதா' கணக்கு காமர்ஸ்காரனான எனக்கும் தெரியும். அது இங்கே செல்லாது மக்களே!

வாயு இந்தச் சக்கரத்தைச் சுழற்றி, தன் ஆற்றலை இழந்து குளிர்கிறது. பெரிய டர்பைனைச் சுருக்கினால் சின்னது வந்துவிடாது. விளிம்பின் வேகம் குறையக்கூடாது என்றால், விட்டம் பாதியாகும்போது சுற்று இரட்டிப்பாக வேண்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும்! எண்ணெய் கசிந்தால் உறைந்து குழாயை அடைக்கும். அதனால் தண்டு வாயுப் படலத்தில் மிதக்கிறது. இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது.

1939-ல் சோவியத் விஞ்ஞானி கபிட்சா காற்றைத் திரவமாக்க நீராவி டர்பைனைக் காப்பியடிக்கவில்லை. குளிர்ந்த காற்றின் அடர்த்தியை யோசித்து, தண்ணீர் டர்பைன் போல வெளியிலிருந்து மையத்துக்குப் பாயவிட்டார்.

சக்கரத்தை வாங்கலாம். இந்த யோசனை எந்த பில்லோடும் சேர்ந்து வராது. பாபா அணு ஆராய்ச்சி மையமும் ரூர்கேலா என்.ஐ.டி.யும் இதற்குச் செய்தது மூலதனச் செலவு. அதை வீண்செலவுப் பக்கம் எழுதுபவர்கள் எங்கள் முதலாமாண்டு வகுப்பில் வந்து உட்காரலாம். கடைசி பெஞ்ச் காலிதான்!