வீட்டில் கணீர்... மேடையில் காணோம்! அக்கவுஸ்டிக் கிடாருக்கு எந்த ஆம்ப்?

வீட்டு ஹாலில் உட்கார்ந்து வாசித்தால் தெருமுனை வரை கேட்கும் கிடார், கல்லூரி விழா மேடை ஏறியதும் ஊமையாகிவிடும். பிள்ளையின் கை அசைவது தெரியும்; சத்தம் வராது. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து அந்த மரப்பெட்டியின் ஒலியை மொத்தமாக விழுங்கிவிடும். 'ஒரு ஆம்ப் வாங்கித் தாங்கப்பா' என்ற பேச்சு அன்று இரவே ஆரம்பித்துவிடும்.

கடைக்குப் போனால் முதல் அதிர்ச்சி, விலை. நல்ல அக்கவுஸ்டிக் ஆம்ப் ஒன்றின் விலை, மாணவர்கள் வைத்திருக்கும் கிடாரின் விலையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். உடனே அப்பாவின் கண், பக்கத்தில் விலை குறைவாக இருக்கும் எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப் பக்கம் போகும். 'இதுவும் கிடாருக்குத்தானே?' பலருடைய பணம் வீணாவது இந்த ஒரு கேள்வியில்தான்.

எலெக்ட்ரிக் கிடாருக்கு ஆம்ப் என்பது பாதி வாத்தியம். ஒலியை முறுக்கி, கரகரப்பேற்றித் தருவதுதான் அதன் வேலை. அந்தக் கரகரப்பு காதைக் குத்தாமல் இருப்பதற்காகவே, அதன் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெருமளவு அடக்கிவிடும். அக்கவுஸ்டிக் கிடாரின் மினுமினுப்போ அந்த எல்லைக்கு மேலேயும் நீள்கிறது. அது வெட்டுப்பட்டால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல இருக்கும். அக்கவுஸ்டிக் ஆம்ப்பின் வேலை நேர் எதிரானது. கேட்டதைக் கேட்டபடி, கொஞ்சம் பெரிதாகச் சொன்னால் போதும். அதனால்தான் அவற்றில் பலவற்றில் உயர்ந்த ஒலிகளுக்கென்று தனியாக ஒரு ட்வீட்டர் இருக்கும். ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி, உருவத்தில் சின்னதுதான். அதிலும் 6.5 அங்குல ஸ்பீக்கருடன் 1 அங்குல ட்வீட்டர் ஒன்றும் உண்டு.

சரி, ஆம்ப் பார்ப்பதற்கு முன்னால் கிடாரைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் கேபிள் செருகும் ஜாக் இருக்கிறதா? இல்லையென்றால் அதில் பிக்கப் இல்லை என்று அர்த்தம். எவ்வளவு விலை உயர்ந்த ஆம்ப் வாங்கினாலும் நேரடியாக இணைக்க முடியாது. முதல் செலவு பிக்கப்புக்குத்தான். ஜாக் இருந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பது பியஸோ வகை. தந்திகள் அமர்ந்திருக்கும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். 9 வோல்ட் பேட்டரி போடும் இடமும் இருந்தால், கூடவே ப்ரீ-ஆம்ப் இருக்கிறது, கவலையில்லை. பேட்டரி இல்லாத வெறும் பியஸோ என்றால் கொஞ்சம் செல்லப்பிள்ளை. கீபோர்டு செருகும் சாதாரண இணைப்பில் செருகினால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல ஒலிக்கும். அதற்கு 1 மெகா ஓம் அளவிலோ அதற்கு மேலோ இன்புட் வேண்டும். அக்கவுஸ்டிக் ஆம்ப் வாங்குவதற்கு இதுவும் ஒரு நியாயமான காரணம்.

வாட் விஷயத்தில்தான் பலரும் மயங்குகிறார்கள். 60 வாட், 30 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் தராது. வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு 'ஓ, கொஞ்சம் கூடியிருக்கிறதே' என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சுமார் 10 மடங்கு வாட் தேவை. வகுப்பறை அளவு இடத்துக்கு, டிரம்ஸ் இல்லாத குழுவுக்கு, 30 வாட்டே தாராளம். டிரம்ஸோடு மோத வேண்டுமென்றால் 60 பக்கம் போகலாம்.

சத்தத்தைக் கூட்டும்போது வரும் வில்லன், 'ஊ...' என்று கிளம்பும் ஊளை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிடாரின் வயிற்றை அதிரவைக்கும். அதைப் பிக்கப் மறுபடி வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இப்படியே சுற்றிச் சுற்றிப் பெருகும். பெரிய உடல் கொண்ட கிடார்களுக்கு 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டம்தான் பலவீனமான இடம். 'ஏ' தந்தியின் 110 ஹெர்ட்ஸும் அதற்கு அருகில்தான் இருக்கிறது. 1964-ல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட 'ஐ ஃபீல் ஃபைன்' பாடலின் தொடக்கத்தில் கேட்பதும் இந்த ஊளைதான். ஜான் லெனனின் கிப்சன் அக்கவுஸ்டிக் கிடார் தற்செயலாகக் கத்த, அதையே பாட்டில் வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காதே! எனவே 'நாட்ச்' அல்லது 'ஃபேஸ்' என்ற திருகோ பொத்தானோ இருக்கும் ஆம்ப்பாகப் பாருங்கள். கிடாரின் வட்டத் துளையை அடைக்கும் ரப்பர் மூடி மலிவானது. பல நேரங்களில் அதுவே காப்பாற்றிவிடும்.

பாடிக்கொண்டே வாசிப்பவர் என்றால் இரண்டு சேனல் அவசியம். ஒன்று கிடாருக்கு, ஒன்று மைக்குக்கு. பின்பக்கம் 'டி.ஐ. அவுட்' இருந்தால், பெரிய மண்டபத்தில் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸருக்கு அங்கிருந்தே ஒரு கேபிள் போட்டுவிடலாம். ஆம்ப், வாசிப்பவரின் காதுக்கு மட்டும் உழைத்தால் போதும்.

கடைக்காரர் சொல்லத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. வீட்டில் மட்டும் பழகும் பிள்ளைக்கு ஆம்ப் தேவையே இல்லை. எப்போதும் நல்ல ஸ்பீக்கர் வசதியுள்ள சர்ச்சிலோ அரங்கிலோ மட்டும் வாசிப்பவருக்கும், ஆம்ப்பைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் டி.ஐ. பாக்ஸ் போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நல்ல கிடாரே வாங்கலாம்.

வாங்குவது என்று முடிவானால், கடையில் தொங்கும் விலை உயர்ந்த கிடாரில் வாசித்துப் பார்த்து மயங்க வேண்டாம். பிள்ளையின் சொந்தக் கிடாரையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். ரிவெர்பைப் பூஜ்யத்தில் வைத்து, மற்ற டோன் திருகுகளை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கடையின் மறு கோடிக்குப் போய் நின்று கேளுங்கள். கண்ணை மூடினால் வீட்டில் கேட்கும் அதே கிடார் கேட்கிறதா? பிறகு ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த இடத்தில் ஊளை கிளம்புகிறது என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கிடாரிலிருந்து கேபிளைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். செருகியபடியே விட்டால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோய், கச்சேரி அன்று ஆம்ப் மட்டும் உயிரோடு இருக்கும்.